பிள்ளை பார்க்க வந்த கூட்டம்

"போனு நல்லாத்தான் இருக்கு, நெட்டைத் தொறந்தா மட்டும் இழுக்குது" என்று ஒருவர் வந்து நின்றால் உங்கள் கட்டைவிரல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், கிளியர் டேட்டா. வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, "இப்பப் பாருங்கண்ணே, எப்படிப் பறக்குதுன்னு" என்று நீட்டிவிடுவீர்கள். பெரும்பாலும் அது பறக்கவும் செய்யும். அதனால்தான் உங்களை இவ்வளவு நாள் நான் திட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

காளவாசலில் கடை போட்டு, பட்டன் போன் காலத்திலிருந்து உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். பலகையில் என்ன பெயர் எழுதினாலும் ஜனங்களுக்கு அது பாயம்மா கடைதான். கண் மங்கி, சின்ன ஸ்குரூ எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் கடையை உங்களிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டேன். நல்லது கெட்டது எல்லாம் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கிறீர்கள். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனவே கையால் செய்கிற வேலையை விட்டுவிடுகிறேன். ஒரு பகல் முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு போனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காலை நேரம். கடைக்குள் ஓட்டமாக வந்தான் ஒருத்தன். கையில் ஒரு ஐஸ்பெட்டி, காலியாக. மறு கையில் ரோஜாப்பூ கவர் போட்ட போன்.

"அக்கா, இதைக் கொஞ்சம் ஒடனே பாக்கணும். எம்புட்டு ஆனாலும் பரவால்ல. மத்தியானத்துக்குள்ள வேணும்."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் வழக்கம்போல முறைத்தேன். ஆனால் இவன் உட்காரவே இல்லை. நின்றபடியே சொன்னான். பெயர் பாண்டி, ஊர் வாடிப்பட்டிப் பக்கம், விவசாயம். மனைவி சரண்யாவுக்குத் தலைப்பிரசவம். மாதம் முடியும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது, ஆண் குழந்தை, உள்ளங்கை நீளம்தான் இருக்கிறான் என்று கையை விரித்துக் காட்டினான். குழந்தையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் ஆன சரண்யாவோ எங்கள் பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில். பிரஷர் இறங்கவில்லை, எழுந்து போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெற்றவள் இன்னும் பிள்ளையைத் தொடவில்லை.

குழந்தைக்கு டியூப் வழியாகத் தாய்ப்பால்தான் கொடுக்கிறார்கள். அவள் இங்கே எடுத்துக் கொடுக்க, அவன் ஐஸ்பெட்டியில் வைத்து அங்கே கொண்டுபோகிறான். திரும்ப வருகிறான், திரும்பப் போகிறான். அவனுக்கு அதுதான் வேலை.

"பால் வர மாட்டேங்குதுக்கா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. என்னிடம் அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சம். "அங்க நர்சம்மா ஒரு லிங்க் குடுத்தாங்க. பெட்டிக்கு மேல கேமரா இருக்கு. பிள்ளையைப் பாத்துக்கிட்டே எடுத்தா நல்லா வரும்னாங்க. மொத நாளு நல்லா வந்துச்சு. இப்ப ரெண்டு நாளா படம் நின்னு நின்னு போகுது. அது நின்னா இவ பயந்துக்கிறா. பயந்தா பாலும் நின்னுருது. காலையில எடுத்துட்டுப் போனது பஞ்சை நனைக்கக் கூடக் காணாது. மத்தியானத்துக்கும் இப்படின்னா டப்பாப் பால்தான் குடுக்கணும்ங்கிறாங்க. அது அவனுக்கு ஒத்துக்கிருமான்னு அவங்களுக்கே பயமா இருக்கு."

"உள்ள போய் ஒரு வீடியோ எடுத்துட்டு வந்து காட்ட வேண்டியதுதான?" என்றேன்.

"போனை உள்ள விட மாட்டாங்கக்கா. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வாரேன்."

சரண்யாவின் அந்தப் போனை நான் வாங்கினேன். என்னோடு அப்போது மீனா வேலை பார்த்தாள். கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. பிரவுசரைத் திறந்து பார்த்துவிட்டு அவள் சிரித்துவிட்டாள். எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்று காட்டுகிற கட்டத்தில் எண்ணே இல்லை. அளவுக்கு மீறித் திறந்து வைத்தால் எண்ணுக்குப் பதிலாக ஒரு சிரிக்கிற முகம் வருமே, அது வந்திருந்தது.

"மொத்தமா மூடிரவாக்கா?"

"இரு, என்னன்னு பாத்துட்டு மூடு" என்றேன்.

தள்ளித் தள்ளிப் பார்த்தோம். எல்லாம் ஒரே பக்கம்தான். ஒரே கண்ணாடிப் பெட்டி, ஒரே வெள்ளைத் துணி, அதன்மேல் ஒரே சின்ன உடம்பு. பிள்ளையைப் பார்க்க ஆசை வந்தபோதெல்லாம் சரண்யா மெசேஜில் இருந்த லிங்க்கைத் தொட்டிருக்கிறாள். தொட்டபோதெல்லாம் புதிதாக ஒரு பக்கம் திறந்திருக்கிறது. பழையதை மூட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பிள்ளை முகத்தை மூட எந்தத் தாய்க்கு மனசு வரும்? மீனா சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மூடினோம். காலை வணக்கப் படங்களை அள்ளிக் கொட்டினோம். யாரோ ஏற்றி வைத்திருந்த வேண்டாத ஆப்களை எடுத்தோம். வேறு பக்கங்களைத் திறந்து பார்த்தால் தொட்டதும் வருகிறது. பாட்டு ஓடுகிறது, படம் ஓடுகிறது. ஆனால் பிள்ளையின் பக்கம் மட்டும் கொஞ்சம் அசைந்து, பிறகு நின்றுவிட்டது.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் ஓடி, ஒன்று மட்டும் நின்றால், போனைப் போட்டு வதைக்காதீர்கள். மீனா ரீசெட் பண்ணலாம் என்றாள். நான் என்னுடைய புதுப் போனில் அதே லிங்க்கைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் நின்றது. அப்போதுதான் படத்தின் ஓரத்தைக் கவனித்தேன். சின்னதாக ஒரு கண் படம், பக்கத்தில் நாற்பத்துச் சொச்சம் என்று ஓர் எண். இந்த நிமிஷம் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டுகிற எண் அது.

"தம்பி, இந்த லிங்க்கை யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலக்கா. எங்க பெரிய அத்தைக்கு மட்டும்தான் அனுப்புனேன். பிள்ளையைப் பாக்கணும்னு ஒரே அழுகை."

அத்தை அதைக் குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறார். அங்கிருந்து அது மாமன் வீட்டுக் குரூப்புக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு. நம் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் பார்க்கப் போகாமல் இருக்க முடியுமா? போகாவிட்டால் அடுத்த விசேஷத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்களே. ஆஸ்பத்திரியில் உள்ளே விடவில்லை என்றதும், சொந்தபந்தம் மொத்தமும் லிங்க் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது. பெற்றவள் ஒருத்தி பார்த்தால் போதும் என்று வைத்த கேமரா அது. ஒரு குடும்பமே வந்து நின்றால் என்ன செய்யும்?

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் நல்ல மாதிரி. லிங்க்கை மாற்றித்தர முடியும், ஆனால் அதைப் பார்க்கிற ஆள் நாளைக்குத்தான் வருவார் என்றார். நாளை வரைக்கும் பிள்ளையின் வயிறு காத்திருக்காது.

"அப்ப எல்லாரையும் மூடச் சொல்லிருங்க" என்றேன் பாண்டியிடம்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எப்படிக்கா சொல்றது? எம்பிள்ளையைப் பாக்காதீங்கன்னா? அத்தை எங்க கல்யாணத்துக்கே முன்ன நின்னு எல்லாத்தையும் பாத்தவங்க. அவங்ககிட்டப் போயி..." என்று நிறுத்திக்கொண்டான்.

மீனாவுக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. "இது ஒரு விசயமாண்ணே? பிள்ளைக்குக் கண்ணு பட்டிருச்சு, அதான் பால் குடிக்க மாட்டேங்குதுன்னு ஒரு வரி போடுங்க. அடுத்த நிமிசம் அம்புட்டுப் பேரும் மூடிருவாங்க."

மூடிவிடுவார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாண்டி உடனே டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளி ஆம்பளையின் கையைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான், அல்லா மன்னிக்கட்டும்.

"வேணாம் தம்பி. உள்ளங்கை அளவு பிள்ளை. நல்லாயிரும், நல்லாகணும். ஆனா நாளைக்கு அவனுக்குச் சும்மா ஒரு சளி பிடிச்சாக்கூட, எந்தக் கண்ணு பட்டுச்சுன்னு உங்க வீட்டுல தேட ஆரம்பிச்சிருவாங்க. தேடித் தேடிக் கடைசியில உங்க அத்தைகிட்டத்தான் வந்து நிப்பாங்க. அவங்கதான அதிகமாப் பாத்தது? அந்தப் பொம்பளை அதை எங்க கொண்டு போய் இறக்கி வைக்கும்?"

மீனாவுக்கு முகம் சுண்டிப்போனது. கெட்ட எண்ணத்தில் சொன்னவள் இல்லை. அவசரத்தில் நமக்கு முதலில் தோன்றுவது வேலையை முடிக்கிற வழிதான். வேலை முடிந்த பிறகு அந்தப் பொய் யார் வீட்டில் போய் உட்காரும் என்று யோசிக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் எவ்வளவு பறந்தாலும் சரி.

"பின்ன யாருதாங்க்கா சொல்றது?" என்றான் பாண்டி.

"பால் யாருக்கு வரணுமோ அவ சொல்லட்டும்" என்றேன். முக்காட்டைச் சரி செய்துகொண்டு அவனோடு கிளம்பிவிட்டேன். கடையை மீனா பார்த்துக்கொண்டாள்.

நர்சிங் ஹோமில் சரண்யா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். முகமெல்லாம் வீங்கியிருந்தது. பிரஷரா அழுகையா என்று தெரியவில்லை. பக்கத்தில் பால் எடுக்கிற பம்ப், அடியில் ஈரம் மட்டும் இருந்த பாட்டில். பாண்டி போனை நீட்டியதும் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு விநாடி பார்த்துவிட்டுப் போனை என் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க. அசையவே மாட்டேங்கிறான். நேத்துலேருந்து அதே மாதிரி கெடக்கான். எனக்குத் தெரியும், எல்லாரும் எங்கிட்ட எதையோ மறைக்கிறாங்க."

"நான் இப்பத்தான் பாத்துட்டு வாரேன் சரண்யா. காலைத் தூக்கித் தூக்கி ஒதைக்கிறான்" என்றான் பாண்டி.

"நீங்க எனக்காகச் சொல்றீங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது போன் மட்டும்தான். அதை வைத்தே பேசினேன்.

"இங்க பாரு தாயி, படத்துக்குக் கீழ நேரம் ஓடும் பாத்திருக்கியா? இப்ப என்ன மணி காட்டுது?"

அவள் உற்றுப் பார்த்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தையும் பார்த்தாள். படத்தில் நேரம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"நேரமும் சேந்துதான் நின்னிருக்கு. அவன் பாட்டுக்கு அங்க ஒதைச்சுக்கிட்டுத்தான் கெடக்கான். படம்தான் இங்க வந்து சேரல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, தோளைத் தளர்த்திச் சாய்ந்துகொண்டாள். காலையிலிருந்து அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காரணத்தைச் சொன்னேன். குரூப்பில் அவள்தான் பேச வேண்டும் என்றும் சொன்னேன். "அதுல மாமனாரெல்லாம் இருக்காங்களே" என்று தயங்கினாள். பாலைப் பற்றி ஆண்கள் இருக்கிற இடத்தில் எப்படிப் பேசுவது என்று அவளுக்கு வெட்கம். நான் வார்த்தை எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வாய்ஸ் மெசேஜை அமுக்கினாள்.

"அத்தை, மாமா, எல்லாருக்கும்... நான் சரண்யா பேசுறேன். நீங்க அம்புட்டுப் பேரும் தம்பியைப் பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு. எனக்கு ரொம்பச் சந்தோசம். ஆனா எல்லாரும் ஒண்ணாப் பாக்கவும் எனக்குப் படம் வரல. அவனைப் பாத்தாத்தான் எனக்குப் பால் வருது. கொஞ்ச நேரம் எனக்கு விட்டுக் குடுங்க. எடுத்து முடிச்சதும் நானே சொல்றேன், அப்பறம் எல்லாரும் பாருங்க."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பாண்டி நகத்தைக் கடித்தான். பிறகு போன் அதிர்ந்தது. 'மூடிட்டேன்மா.' அடுத்து, 'நானும் மூடிட்டேன்.' சிங்கப்பூர்ச் சித்தப்பா கும்பிடுகிற கையைப் போட்டிருந்தார். மாமனார் அதிகம் டைப் அடிக்கத் தெரியாதவர் போல. 'சரி' என்று மட்டும் வந்தது.

பெரிய அத்தை வாய்ஸ் அனுப்பியிருந்தார். பாதி அழுகை. "ஏத்தா, எனக்கு இது தெரியாதே! எம்பேரன் பெட்டிக்குள்ள ஒத்தையில கெடக்கானேன்னுதான் கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டு இருந்தேன். சோறு பொங்கும்போது கூட அடுப்புக்கிட்டச் சாத்தி வச்சுக்கிட்டேன். யாராச்சும் ஒருத்தர் அவனைப் பாத்துக்கிட்டே இருக்கணும்ல? இந்தா மூடிட்டேன். இனிமே நீ பாத்துக்க ஆத்தா."

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கண் பட்டுவிட்டது என்று இந்த அம்மாளுக்கா எழுதப் பார்த்தோம்!

ஓரத்தில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் மூன்றில் வந்து நின்றது. படம் கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. மூன்றுக்குக் கீழே போகவே இல்லை.

"இன்னும் யாரு?" என்றாள் சரண்யா.

சட்டென்று எனக்கு உறைத்தது. கடையில் சோதித்துப் பார்த்தேனே, என் போனில் அது இன்னும் திறந்தேதான் இருந்தது! பைக்குள் கையை விட்டு அவசரமாக மூடினேன். ஊரையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு நான் உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன். எண் இரண்டானது. ஒன்று சரண்யா. இன்னொன்று?

"நர்சம்மாவா இருக்குமோ?" என்றேன்.

பாண்டி வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். யாரையும் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தான். அதன் திரையில் பிள்ளை இருந்தான்.

"நான்தாங்க்கா" என்றான். "எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். பஸ்ஸுல போகும்போது பையில இருக்கும். நான் பாக்கக்கூட மாட்டேன். சும்மா இருக்கட்டும்னு."

சரண்யா அவனைப் பார்த்தாள். அவனே மூடினான். மூடிவிட்டு அந்த வெற்றுத் திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

படம் அசைந்தது. முதலில் நேரம் ஓடியது. பிறகு துணி ஏறி இறங்கியது, அது அவன் மூச்சு. பிறகு பிளாஸ்திரி ஒட்டிய அந்தச் சின்னக் கை மெல்ல விரிந்து, எதையோ தேடுவது போலக் காற்றைப் பிடித்து, மறுபடி மூடிக்கொண்டது. சரண்யா "ஐயோ, தங்கமே" என்றாள். அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. பம்பை அவள் கையில் எடுத்துக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு பாண்டியோடு வராண்டாவுக்கு வந்துவிட்டேன்.

பிள்ளை பிழைத்தானா என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறான். இப்போது ஓடினால் பிடிக்க முடியாத வயசு. போன தடவை கடைக்கு வந்து ஷோகேஸ் கண்ணாடி முழுக்கக் கையைத் தேய்த்துவிட்டுப் போனான். துடைத்தது நீங்கள்தான், அவன் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் போனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்பது அந்த வராண்டாதான்.

பாண்டி சுவரில் சாய்ந்து நின்றான். ஐஸ்பெட்டி காலடியில். போனைத் திருப்புகிறான், பார்க்கிறான், பையில் போடுகிறான், மறுபடி எடுக்கிறான்.

"இப்பத் தொறக்கலாமாக்கா?"

"இருப்பா, இன்னும் எடுத்து முடிச்சிருக்க மாட்டா."

"சரிக்கா."

அவன் நினைப்பு கொஞ்சம் வேறு பக்கம் போகட்டும் என்று மழை, நெல் என்று எதை எதையோ கேட்டேன். பதில் சொன்னான், ஆனால் காது முழுக்கக் கதவிடம் இருந்தது. உள்ளே பம்ப் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குரலும் கேட்டது, பிள்ளையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பம்ப் நின்றது.

கதவைத் திறந்து பாட்டிலை வாங்கினான் பாண்டி. பாதிக்கு மேல் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"குரூப்புல சொல்லிட்டியா?" என்று கேட்டான். "எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இன்னும் சொல்லல" என்றாள் சரண்யா, தன் போனில் படத்தை மூடிக் கவிழ்த்து வைத்தபடி. "மொதல்ல நீங்க பாருங்க."